மூக்கு, சைனஸ், கழுத்து நோய்களில் முதல் ஆய்வு: நெல்லைச் சீமையில் தொடங்குவோருக்கு

திருநெல்வேலி வட்டாரத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் புறநோயாளிக் கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால், ஒரே நோயை ஐந்து பெயர்களில் கேட்கலாம். ஒருவர் பீனிசம் என்பார். ஒருவர் தலையில் நீர் கோத்திருக்கிறது என்பார். இன்னொருவர் மண்டையிடி என்று மட்டும் சொல்லிப் புருவ நடுவைத் தொட்டுக் காட்டுவார். மற்றொருவர் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதாம் என்பார். கடைசியாக வருபவர் சைனஸ் என்றே சொல்லிவிடுவார். இந்த ஐந்து பேரையும் ஒரே கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் இடத்திலேயே மருத்துவ ஆய்வும் தொடங்கிவிடுகிறது. முதுநிலைப் படிப்பில் சேர்ந்து ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் இளம் மருத்துவர்களையும், ஆய்வு உதவியாளராகப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம் என்பதால் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிய கேள்வியோடுதான் வருகிறார்கள். உதாரணத்துக்கு, நம் தென்மாவட்டங்களில் அடிக்கடி பார்க்கும் ரைனோஸ்போரிடியோசிஸ் நோயை எடுத்துக்கொள்வோம். மூக்குக்குள் செந்நிறச் சதை வளர்ந்து, அதன்மேல் ரவை தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரியும். தொட்டால் ரத்தம் வரும். 1900இல் அர்ஜென்டினாவில் செபெர் என்பவர் முதலில் விவரித்த இந்த நோய், உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. தேங்கிய நீரில், அதாவது குளம், குட்டைகளில் குளிப்பவர்களிடம் அதிகம் வருகிறது. நெடுங்காலம் பூஞ்சை என்று கருதப்பட்ட இந்தக் கிருமி, மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கு நெருங்கிய உறவு என்று 1990களின் கடைசியில் மரபணு ஆய்வுகள் காட்டின. ஆய்வகத்தில் இதை வளர்த்துப் பார்க்கவும் முடிவதில்லை.

இத்தனையும் படித்தவுடன் "இந்த நோய் ஏன் வருகிறது" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு மூன்றாண்டுப் படிப்பு போதாது. "சதையை முழுமையாக எடுத்து, அது முளைத்த இடத்தை மின்சூட்டால் பொசுக்கியவர்களில், 12 மாதத்துக்குள் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது" என்று கேட்டால் பதில் கிடைக்கும். யாரை, எந்தச் சிகிச்சைக்குப் பின், எவ்வளவு காலம், எதை எண்ணப்போகிறோம் என்ற நான்கும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில், ஒரு அஞ்சலட்டையில் அடங்கும்படி எழுத முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய கேள்விகள் ஏராளமாக இருக்கின்றன. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்து நாள் முழுதும் பீடி சுற்றும் பெண்களுக்கு அந்தத் தூளால் மூக்கில் என்ன நேர்கிறது என்பது, பக்கத்துத் தெருவில் பீடி சுற்றாத, அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டு எளிதாகக் கேட்கக்கூடிய கேள்வி. வெளிநாட்டுக் கட்டுரையைப் பார்த்து அதே தலைப்பைத் திரும்பச் செய்வதைவிட இது மேலானது என்றே நான் கருதுகிறேன்.

நோய்க்கு வரையறை எழுதுங்கள்

நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று ஆய்வில் எழுதினால் அதற்கு உலகம் ஒப்புக்கொண்ட பொருள் உண்டு. மூக்கடைப்பு, மூக்கில் சளி ஒழுகுதல் ஆகிய இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். முகத்தில் வலி அல்லது அழுத்தம், மணம் குறைதல் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் இரண்டு அறிகுறிகளாவது 12 வாரம் அல்லது அதற்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அதோடு எண்டோஸ்கோப்பியிலோ சி.டி. ஸ்கேனிலோ சான்று இருக்க வேண்டும். இந்த வரையறையை வைத்துப் பார்த்தால், மண்டையிடி மட்டும் சொல்லி வந்தவர் உங்கள் ஆய்வில் சேரமாட்டார். அவருக்கு ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். சைனஸ் என்று தாமே பெயர் சொல்லி வருபவரும் இந்த வாசலைக் கடந்தே உள்ளே வர வேண்டும்.

சேர்க்கக்கூடாதவர்களின் பட்டியலையும் இப்போதே எழுதிவிடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவர் கன்ன வலியோடும், கண்வீக்கத்தோடும், மூக்குக்குள் கருத்த பொருக்கோடும் வந்தால் அவர் ஆய்வுக்கு வந்தவர் அல்லர். அன்றே அனுமதிக்கப்பட வேண்டிய அவசர நோயாளி. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை எத்தனை வேகமாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது என்பதைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

எத்தனை பேர் வேண்டும்

"நாற்பது பேர் போதும் சார், சீனியர் நாற்பதுதான் எடுத்தார்" என்பது ஒரு பதிலாகாது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சைனஸ் நோயாளிகளின் தொல்லையை அளக்க ஸ்னாட்-22 என்ற வினாத்தாள் பயன்படுகிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 110. நோயாளியே உணரக்கூடிய குறைந்தபட்ச முன்னேற்றம் 8.9 புள்ளி என்று கண்டிருக்கிறார்கள். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே அந்த 8.9 புள்ளி வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும். நோயாளிகளின் மதிப்பெண்களின் திட்டவிலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை சிதறும் அளவு, 20. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காணும் பிழைவாய்ப்பு 5 சதவீதம். வேறுபாட்டைத் தவறவிடாத திறன் 80 சதவீதம் என்று வைத்தால், ஒரு குழுவுக்குச் சுமார் 80 பேர் தேவை. ஐந்தில் ஒருவர் மறுபரிசோதனைக்கு வரமாட்டார் என்று கொண்டால் ஒரு குழுவுக்கு 100 பேரைச் சேர்க்க வேண்டும். உங்கள் பிரிவில் ஓராண்டில் அத்தனை பேர் கிடைப்பார்களா என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கிடைக்கமாட்டார்கள் என்றால் கேள்வியை மாற்றுங்கள், கணக்கை வளைக்காதீர்கள்.

நெறிமுறைக் குழுவும் பதிவும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்களையும், புதிய மருந்து தொடர்பான ஆய்வு என்றால் 2019ஆம் ஆண்டு விதிகளையும் ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் அமர்ந்திருப்பதில்லை; சட்டம் அறிந்தவரும், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். அந்தப் பொதுமக்கள் உறுப்பினர் உங்கள் ஒப்புதல் படிவத்தைப் படித்து "இது எனக்கே புரியவில்லையே" என்று சொன்னால், அதை உங்களுக்குக் கிடைத்த முதல் உதவியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் ஒப்புதல் கையில் கிடைத்தபின் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் இணையவழியாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன ரைனோஸ்போரிடியோசிஸ் ஆய்வில், பாதிப் பேருக்கு மட்டும் டாப்சோன் மாத்திரை சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இடையில் உங்களுக்குத் தோன்றினால், அது அதே ஆய்வு அன்று. வெறுமனே கவனித்து எண்ணும் ஆய்வு, சிகிச்சையை மாற்றிப் பார்க்கும் ஆய்வாகிவிடுகிறது. குழுவின் முன் மறுபடியும் போக வேண்டும்.

நோயாளியிடம் ஒப்புதல் வாங்குதல்

இந்தப் படியில் அவசரப்படுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று அச்சடித்த தாளை நீட்டி, கைநாட்டு வாங்கிவிட்டுப் போவது ஒப்புதல் ஆகாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல எந்தச் சிகிச்சை என்று முடிவாகும் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் "திருவுளச் சீட்டு" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது கோயிலில் சாமி தரும் உத்தரவு. அப்படிச் சொல்லிவிட்டால், வந்த சீட்டை மறுக்கலாம் என்ற எண்ணமே நோயாளிக்கு வராமல் போகும். விலகும் உரிமை எப்போதும் உண்டு என்பதும், விலகினாலும் வழக்கமான வைத்தியம் குறையாது என்பதும் தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும்.

சொல்லி முடித்தபின் அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "ஆச்சி, நான் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால், "பெரிய டாக்டரு எனக்கு எது நல்லதோ அதத் தருவாவ" என்று பதில் வரும். அந்தப் பதில், நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளம். எது நல்லது என்று நமக்கே இன்னும் தெரியாததால்தான் இந்த ஆய்வு என்பதைத் திரும்பவும், வேறு சொற்களில், அமைதியாகச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு உரையாடலின்போதும் உடன் இருக்க வேண்டும். உங்கள் வார்டுப் பணியாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொல்வது சாட்சியம் அன்று.

தலை-கழுத்துப் புற்றுநோய் ஆய்வுகளில் இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. மகன் உங்களைத் தனியே அழைத்து, "அப்பாக்குத் தெரிய வேண்டாம் சார், சொன்னா ஆள் விழுந்துருவாவ" என்பார். அவருடைய பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தமக்கு என்ன நோய் என்று தெரியாத ஒருவர் அந்த நோயைப் பற்றிய ஆய்வுக்கு ஒப்புதல் தர முடியாது. குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி, பெரியவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அவருக்கு வேண்டிய நேரம் கொடுங்கள். அதன் பிறகும் சொல்ல முடியாத நிலை என்றால் சிகிச்சையைக் குறைவின்றிச் செய்யுங்கள், ஆய்வில் சேர்க்காதீர்கள்.

அளவிடுதல்

எண்டோஸ்கோப்பிக்கும் ஸ்கேனுக்கும் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறைகள் உள்ளன. லண்ட்-கென்னடி முறையில் சதை, வீக்கம், சளி, தழும்பு, பொருக்கு ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பக்கமும் 0 முதல் 2 வரை கொடுத்தால் இரு பக்கமும் சேர்த்து 20. லண்ட்-மெக்கே முறையில் சி.டி. ஸ்கேனுக்கு 24. இதில் ஒரு எச்சரிக்கை: மூக்கில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கே இந்த ஸ்கேன் மதிப்பெண் சராசரியாக 4 வரை வருகிறது. எனவே 3, 4 என்ற மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நோய் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எண்டோஸ்கோப்பிக் காட்சியைப் பதிவு செய்து, எந்தச் சிகிச்சை பெற்றவர் என்று அறியாத இருவரைத் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். அறுவைசெய்த கையே மதிப்பெண்ணும் போட்டால் அந்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

கருவிகளைவிடக் கேள்வி கேட்பதுதான் கடினம். ஸ்னாட்-22ஐத் தமிழில் பயன்படுத்த, உரிமை உள்ளவர்களிடம் அனுமதி பெற்று, ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போதே இருக்கும் சோர்வையும் பகல் முழுதும் உள்ள களைப்பையும் அந்த வினாத்தாள் தனித்தனியாகக் கேட்கிறது; நம் பேச்சில் இரண்டுக்கும் அசதி என்ற ஒரே சொல்தான் வருகிறது. "விடிய எந்திரிக்கும்போதே அசதியா இருக்கா", "பகல்ல வேல செய்யும்போது அசதியா இருக்கா" என்று பிரித்துக் கேட்டால்தான் இரண்டும் இரண்டு கேள்விகளாகும்.

மணம் பற்றிய கேள்வியில் நடந்ததைச் சொல்கிறேன். பீடி சுற்றும் ஒரு மூதாட்டியிடம் ஆய்வு உதவியாளர் "ஆச்சி, வாசம் தெரியுதா" என்று கேட்டார். "தெரியுதும்மா" என்றார். தாளில் பூஜ்யம் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்ததால், "வீட்ல கருவாடு பொரிச்சா தெரியுமா ஆச்சி" என்று கேட்டேன். "அது மருமவ சொன்னாத்தான்யா தெரியும்" என்றார். அவருக்கு மணம் அறவே இல்லை. மூக்கு இருந்தால் வாசம் தெரியத்தானே செய்யும் என்று, கேள்விக்கு மரியாதையாக ஒரு பதில் சொல்லியிருக்கிறார். அதற்காக அவர் ஒருவரிடம் மட்டும் கருவாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு மற்றவர்களிடம் கேட்காமல் விட்டால் அதுவும் பிழையாகும். துணைக்கேள்வி வேண்டும் என்று பட்டால், அதை, ஆய்வுக்கு முன் சிலரிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டத்தின்போதே எழுதிச் சேர்த்து, எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். மதிப்பெண்ணை நோயாளிதான் தர வேண்டும். மூடிய கை என்றால் தொல்லை இல்லை, ஐந்து விரலும் விரிந்தால் தாங்க முடியாத தொல்லை என்று காட்டினால், படிக்காதவர்களும் தயங்காமல் விரலைக் காட்டுகிறார்கள்.

வேறு வைத்தியம் பற்றியும் கேட்டு எழுதுங்கள். 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. நம் மக்கள் இரு பக்கமும் போவது இயல்பு. நொச்சி போட்டு வேது பிடிப்பவரும், மூக்கில் நசியம் விட்டுக்கொள்பவரும் அதை உங்களிடம் மறைப்பது, நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயத்தால்தான். திட்டாத முகத்தோடு கேட்டால் சொல்வார்கள்.

வாயும் கழுத்தும்

வாய்ப் புற்றுநோய் ஆய்வில் பழக்கங்களைப் பற்றிய கேள்வி எளிதாகத் தோன்றும். "பொயலை உண்டா அண்ணாச்சி" என்றால் "கிடையாது, சும்மா வெத்தல பாக்குதான்" என்பார். அவரை எந்தப் பழக்கமும் இல்லாதவர் என்று குறித்துவிடுகிறார்கள். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்; எந்தக் கன்னத்தில் அடக்குகிறார், இரவில் அடக்கியபடியே உறங்குவாரா, எத்தனை ஆண்டு என்பதையும் கேளுங்கள். வாய் திறக்கும் அளவை மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். பல் விழுந்த பெரியவருக்கு எங்கிருந்து அளப்பது என்பதை முதல் நோயாளி வருமுன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

நல்ல ஆய்வுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் மருத்துவர் அனில் டி'குரூஸ் தலைமையில் நடந்ததைப் படியுங்கள். தொடக்கநிலை வாய்ப் புற்று உள்ளவர்களுக்கு, கழுத்தில் நெறி கட்டாதபோதே கழுத்து நெறிகளையும் (நிணநீர்ச் சுரப்பிகளையும்) சேர்த்து எடுத்துவிடுவதா, அல்லது நெறி கட்டியபின் எடுத்தால் போதுமா? உலகம் முழுவதும் அரை நூற்றாண்டாகத் தீராமல் கிடந்த கேள்வி அது. 2004 முதல் 2014 வரை 596 பேரைச் சேர்த்து, முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்தபோது, முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம்; காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். 2015இல் முடிவு வெளிவந்தது. அதில் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. கேள்வி ஒரு வாக்கியத்தில் அடங்குகிறது. பத்தாண்டுப் பொறுமை அதைத் தாங்கியிருக்கிறது.

திரும்ப வரவழைத்தல்

என் முதல் ஆய்வு இந்தப் படியில்தான் சரிந்தது. சைனஸ் அறுவை முடிந்தவர்களை மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருந்தோம். ஆடியில் அறுவை செய்தவர்களின் தவணை ஐப்பசியில் விழுந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நடவு நடக்கும் மாதம், மழையும் சேர்ந்துகொண்டது. பாதிக்கு மேற்பட்டோர் வரவில்லை. வராதவர்கள் குணமானதால் வரவில்லையா, குணமாகாமல் வெறுத்துப்போய் வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாத வரையில், வந்தவர்களின் கணக்குக்கும் பொருளில்லை.

அதன்பின் நான் கற்றுக்கொண்டது இது. தவணை நாளைக் குறிக்குமுன் நடவு, அறுப்பு, பங்குனி உத்திரத்துச் சாஸ்தா கோயில் பயணம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகும் நாள்கள், பீடி ஒப்படைக்கும் நாள் எல்லாவற்றையும் நோயாளியிடமே கேட்டு, அவர் சொல்லும் வாரத்தில் தவணையை வையுங்கள். அதற்காகத் தவணைக்கு முன்பின் இரண்டு வார இடைவெளியைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். தொலைபேசி எண் என்று தருவது பெரும்பாலும் சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையதாக இருக்கும். பக்கத்திலிருக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள்; ஆனால் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம்" என்றுகூடச் சொல்லலாமா என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் சேர்ந்ததுதான் செலவு. அதை ஈடுகட்டுவதற்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேளுங்கள்.

காலமும் ஒரு காரணி. ஆனி, ஆடிக் காற்றில் தும்மலும் மூக்கொழுகலும் கூடி, காற்று அடங்கியபின் தாமாகவே குறைபவர்கள் உண்டு. ஆடியில் மருந்து கொடுத்து ஐப்பசியில் அளந்தால், குறைந்தது மருந்தாலா, காற்று நின்றதாலா என்று சொல்ல முடியாது. ஒப்பிடும் குழுவும் அதே மாதங்களில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தாள்களும் முடிவும்

ஒவ்வொருவருக்கும் ஆய்வு எண் கொடுத்து, பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். நம் வார்டில் ஒரே நாளில் மூன்று இசக்கியம்மாள்கள் இருப்பார்கள். பெயரை நம்பினால் ஒருவரின் ஸ்கேன் இன்னொருவரின் தாளில் ஏறிவிடும். அன்றன்றைய தாளை அன்றன்றே கணினியில் ஏற்றுங்கள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது. எந்தப் புள்ளியியல் சோதனை என்பது திட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் வசதியான சோதனையைத் தேடக் கூடாது. எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை என்றாலும் அதை அப்படியே எழுதி வெளியிடுங்கள். அடுத்து வருபவர் அதே பாதையில் இரண்டாண்டுகளை வீணாக்காமல் இருப்பார்.

ஆய்வேட்டை ஒப்படைத்த வாரத்திலேயே இன்னொரு தாளையும் எழுதுங்கள். ஒரே பக்கம், எளிய தமிழ், பெரிய எழுத்து: என்ன கேட்டோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், என்ன தெரிந்தது, இனி உங்கள் வைத்தியத்தில் ஏதும் மாறுமா. அதை ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், அடுத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது கையில் கொடுங்கள். வர முடியாதவர்களுக்கு, அவர்கள் சம்மதம் தந்திருந்தால், நோயின் பெயர் வெளியே தெரியாத உறையில் தபாலில் அனுப்புங்கள்.